கூலி யார் கைக்குப் போகிறது?

கலிபோர்னியாவில் 14 வயது நிறைந்து, பெற்றோர் சம்மதத்தோடு தனியே வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை, பெற்றோரின் அதிகாரத்திலிருந்து விடுவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதியில் வளரும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 நிறையும்வரை அவர் மைனர். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தோல் பதனிடுதலில் சிறுவரை அமர்த்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. ஆனாலும் 14 நிறைந்தவர் ஆபத்தில்லாத வேலைகளுக்குப் போகலாம். உழைக்க வயது போதும், வாடகைக்கு அறை எடுக்கப் போதாது என்பது அநியாயம்.

ஆனால் அதற்காகக் கலிபோர்னியாவின் அந்த விடுதலையை இங்கும் கொண்டுவரலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பை அடகு வைத்த வரலாறு இந்த வட்டாரத்துப் பீடித் தொழிலில் உண்டு. பெற்றோர் செய்யும் அத்தகைய உடன்படிக்கை செல்லாது என 1933இலேயே சட்டம் வந்தும் வழக்கம் உடனே ஒழியவில்லை. பதினாறு வயதில் கையெழுத்துரிமை கொடுத்தால், முன்பணம் தருபவர் நேராகப் பிள்ளையிடமே கையெழுத்து வாங்கிவிடுவார். வீட்டுக் கொடுமையிலிருந்து மீட்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஓட்டை, பிள்ளையின் கூலி யார் கைக்குப் போகிறது என்பதில்தான். 10 வயது கடந்தவர் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. வளரிளம் தொழிலாளியின் சம்பளம் அந்தக் கணக்கில்தான் சேர வேண்டும் என்று சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.