தாதியர் அங்கீகாரம்: பரீட்சையா, பயிற்சியா?

இலங்கையில் மூன்று வருடம் தாதியர் பயிற்சி முடித்து யேர்மனிக்கு வந்த எங்கள் பெண்கள் சிலர், முதியோர் இல்லங்களில் உதவியாளர்களாகவே காலம் கழிக்கிறார்கள். படித்த தொழிலைத் திரும்பப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'கென்ட்னிஸ்புறூபுங்' எனும் அறிவுப் பரீட்சை. மற்றது 'அன்பாசுங்ஸ்லேர்காங்' எனும் இசைவாக்கப் பயிற்சி. 2020 இல் நடைமுறைக்கு வந்த தாதியர் தொழிற்சட்டப்படி, எதை எடுப்பதென விண்ணப்பிப்பவரே தெரிவு செய்யலாம்.

பரீட்சையின் வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம். செய்முறையில் ஒன்று முதல் நான்கு பராமரிப்புச் சூழல்கள். ஒவ்வொன்றும் 120 நிமிடத்துக்கு மேற்படாது. தவறியதை ஒருதடவை மட்டுமே திரும்பச் செய்யலாம். பயிற்சி நீண்டது, மூன்று வருடம் வரை போகலாம். ஆனால் முடிவில் ஓர் உரையாடல்தான்.

எங்களவர் தடுமாறுவது மருத்துவ அறிவில் அல்ல. ஊரில் நோயாளியைக் கழுவித் துடைப்பதும் உணவூட்டுவதும் பெரும்பாலும் துணைக்கு நிற்கும் உறவினர் வேலை. இங்கே அது தாதியின் வேலை. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று டொச்சில் விளக்கவும் வேண்டும். ஆகவே பி2 சான்றிதழ் கிடைத்த கையோடு பரீட்சைக்கு ஓடாமல், ஆயத்த வகுப்பில் சேர்ந்து, பராமரிப்புத் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. மாதாமாதம் சம்பளம் வருகிறதே என்று படிப்பைத் தள்ளிப்போட்டால், இழப்பு சம்பளத்தோடு நிற்காது. ஓய்வூதியப் புள்ளிகளும் சம்பளத்துக்கேற்பவே சேரும். பரீட்சை முடியும்வரை சமையலையும் பிள்ளைகளையும் மற்றவர்கள் பொறுப்பெடுப்போம்.