விடிய விடிய செல்போன்: பிள்ளைக்கு அது பழக்கமா, நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

'போனைப் புடுங்கி வெச்சா சரியாயிடும்.' பிள்ளை எந்நேரமும் செல்போனும் கையுமாக இருந்தால் பல வீடுகளில் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். ஆனால் விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் அது அவ்வளவு லேசில்லை. அப்பா வெளிநாட்டில் இருந்தால், அவர் முகத்தைப் பார்ப்பதே வீடியோ காலில்தான். வீட்டுப்பாடம் வருவது வாட்ஸ்அப் குரூப்பில். கேமும் ரீல்ஸும் அதே போனில். அப்படியே வடக்கே மரக்காணம் பக்கம் போனால், விடியும் முன்பே உப்பளத்துக்கும் கடலுக்கும் கிளம்பும் பெற்றோர். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது என்று அவர்கள் எங்கே விழித்திருந்து பார்ப்பது?

சரி, எது நோய்?

எத்தனை மணி நேரம் என்பது மட்டும் கணக்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (ஐசிடி-11, 2022 ஜனவரி முதல் நடைமுறை) 'கேமிங் டிஸ்ஆர்டர்' இடம்பெற்றுள்ளது. நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாகிறது, படிப்பும் உறவும் கெட்டாலும் தொடர்கிறது. இப்படிப் பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அது நோய். லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடும் பையனை 'அடிக்ட்' என்று திட்டுவது தப்பு. ரீல்ஸ், சமூக வலைதளம் பார்ப்பது அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. அதற்காக அதனால் பாதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் அடி விழுவது தூக்கத்தில்தான். 13 முதல் 18 வயதுக்குள் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

சட்டம் தடுக்காதா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை, 18 வயதுக்குக் கீழ் அனுமதியே இல்லை என 2025-ல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் பணம் கட்டாத கேமுக்கும் ரீல்ஸுக்கும் அந்த நேரப் பூட்டு கிடையாது. அந்தப் பூட்டை வீடுதான் போடணும்.

போனைப் பிடுங்குவதை விட, ராத்திரி சார்ஜ் போடும் இடத்தை மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். படுக்கைப் பக்கம் வேண்டாம், கூடத்தில் இருக்கட்டும். அம்மா, அப்பா போனும் சேர்த்துத்தான்! இல்லாவிட்டால் பிள்ளை கேட்குமா?

அதற்கும் அடங்காமல் சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாம் விட்டுப்போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் இயங்குகிறது. போனிலேயே பேச, 'டெலி மானஸ்' 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.