ஆங்கில வழியே திருவாசகம்

நம் இறையியல் மாணவரிற் சிலர் திருவாசகத்தை முதன்முதலாக அறிவது ஜி. யூ. போப் ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ்ப் பாடலை ஆங்கிலத்திற் கற்று, கற்றதை மீண்டும் தமிழாக்கிப் பிரசங்கிக்கும் நிலை இது. வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடி போன்ற ஊர்களில், சைவர் நடுவே பணியாற்றும் ஆயர்களுக்கு இது சிறு காரியமன்று. அயலானைப் பற்றிப் பொய்ச்சான்று கூறுதலை விலக்கும் கட்டளை, அயலானுடைய சமயத்தைப் பற்றிய நம் பேச்சையும் கட்டுப்படுத்தும்.

போப் ஐயரின் உழைப்பு நம் வணக்கத்துக்குரியது. 1837இல் தமிழ் பயிலத் தொடங்கிய அவர், 1839இல் சென்னைக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணியாற்றினார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து, 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகம் 1900இல் வெளிவந்தது. முன்னுரை எழுதிய ஏப்ரல் 24 அவருடைய எண்பதாம் பிறந்தநாள். 51 பகுதிகளின் மூலத்தையும் ஆங்கிலத்தோடு அச்சிட்டு, இறுதியில் சொல்லகராதியும் சேர்த்தார். ஆங்கிலத்தோடு நின்றுவிடுவோர் அந்நூலிற் பாதியையே வாசிக்கிறார்கள்.

இடர்ப்பாடு எங்கே எழுகிறது? அவருடைய ஆங்கிலம் பழைய ஆங்கில வேதாகமத்தின் நடையைத் தழுவியது. அது வாசிப்பவரைச் சங்கீதப் புத்தகத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. 'அருள்' அங்கே 'கிரேஸ்' ஆகிறது. அதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் 'கிரேஸ்' என்றவுடன் ரோமர் நிருபமும் அகஸ்டீனும் லூத்தரும் நம் நினைவுக்கு வருகின்றனர். மாணவர் அதைத் தமிழாக்கும்போது 'அருள்' என்று திரும்புவதில்லை. நம் வேதாகமத் தமிழின் வழக்கப்படி 'கிருபை' என்கிறார். மாணிக்கவாசகரின் சொல் மறைந்து, அவ்விடத்தில் பவுலின் சொல் அமர்ந்துகொள்கிறது. பிறகு இரண்டும் ஒன்றே என முடிவுகட்டுவது எளிது.

அருளைச் சைவர் எவ்வாறு விளக்குகின்றனர் என அறிய நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. மெய்கண்டார் பிறந்த ஊராகக் கூறப்படும் பெண்ணாடம், திட்டக்குடிக்கு அண்மையிலேயே உள்ளது. அவருடைய சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்டது. அது திருவாசகத்துக்குப் பிற்பட்ட நூலாதலால், அதன் கோட்பாடனைத்தையும் முந்திய பாடல்கள்மேல் ஏற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் சித்தாந்த சைவர் திருவாசகத்தை விளங்கிக்கொள்வது அதன் ஒளியிலேயே. அதன்படி பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிர் இன்மையினின்று படைக்கப்பட்டதன்று. ஆணவமலம் தொடக்கமின்றியே அதனைப் பற்றியுள்ளது. அம்மலத்தின் வலியைக் கெடுத்து உயிரைச் சிவத்தோடு கூட்டுவது அருள். குற்றவாளியை நீதிமானாகத் தீர்க்கும் கிருபையைப் பற்றிப் பவுல் பேசுவது வேறொரு களத்தில். சிவஞானபோதத்தை 1854இல் அமெரிக்க மிஷனரி ஹாய்சிங்டனும், 1895இல் சைவராகிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையும் ஆங்கிலமாக்கினர். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பது நல்ல பயிற்சி.

வேறுபாடு மட்டுமே உண்டு என நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். 'நீத்தல் விண்ணப்பம்' என்னும் பகுதியின் 50 பாடல்களைத் தமிழில் வாய்விட்டுப் படிப்பவர் 51ஆம் சங்கீதத்தை நினையாதிருத்தல் அரிது. முன்பே ஆட்கொள்ளப்பட்ட அடியவன், தன் கீழ்மையைக் கண்டு, ஆண்டவன் தன்னைக் கைவிடுவானோ என்று அஞ்சுகிறான். 'ஆட்கொள்ளல்' என்பதில் அடிமையாக ஏற்றல், உரிமையாக்கல், காத்தல் யாவும் அடங்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இதற்குப் போதாது. நம் ஜெபங்களிலும் வழங்கும் சொல்லே அது! ஆங்கில வழியே வருபவர் வேறுபாட்டைக் காணத் தவறுவதுபோலவே இந்த உறவையும் இழக்கிறார்.

சிதம்பரத்தைச் சார்ந்து வழங்கும் வரலாறு ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. தில்லைவாழ் அந்தணர் திருவாசகத்தின் பொருளை வினவியபோது, மாணிக்கவாசகர் கூத்தப்பெருமானைச் சுட்டி, இவரே பொருள் என்று கூறி, அவரோடு கலந்தார் என்பர் சைவர். இதன் வரலாற்றுண்மை ஒருபுறமிருக்க, உரை வேண்டியவர்க்கு உரை கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓதுவோர்க்கு அந்நூல் வழிபாடாகவே உள்ளது.

எனவே வகுப்பறையில் சிவபுராணத்தின் 95 அடிகளை முதலில் தமிழில் வாசித்து, தயங்கும் இடத்தில் மட்டும் போப் ஐயரின் ஆங்கிலத்தை நாடலாம். சபை ஊழியத்தில் இருப்போர், அண்டையிலுள்ள சைவ அன்பர் ஒருவரிடம், 'அருள் என்று நீங்கள் சொல்வது எதை?' என்று கேட்கலாம். அவர் விடை கூறும்வரை 'கிருபை' என்னும் சொல்லை நாம் முந்திக்கொண்டு எடுத்துக்கொடாதிருப்பது நலம்.