கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

‘திருத்தணி முருகன் கோயில், 365 படிகள்’ என்று கணிப்பொறியில் எழுதுகிறீர்கள். யூனிகோடு முறையில் ‘கோ’வின் குறியை ஒரே எண்ணாலும் பதியலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாலும் பதியலாம். நம் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’ (2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது) இவற்றை வெவ்வேறாகவே கொள்ளும்!

நிரல்களில் இடைவெளி மாறினாலும் இதே கதைதான். சீராக்கும் கருவியை முழுக் கோப்பிலும் ஓட்டினால், நூற்றுக்கணக்கான வரிகள் ‘மாறியவை’ ஆகும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் போன்ற அந்த நெரிசலில், 365 என்பது 356 ஆனதை யார் கவனிப்பார்?

எனவே முதல் சீராக்கலைத் தனிப் பதிவாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் முன் கருவி தானே ஓடும்படி அமைத்துவிடலாம். ஒரு வரியை மாற்றியவர் யார் என்று தேடும்போது, அந்தத் தனிப் பதிவைத் தாண்டிச் செல்லும் வசதியும் 2019 முதல் கிட்டில் உண்டு.