சோம்பேறி என்று யாரைச் சொல்கிறோம்?

பௌர்ணமி நாளில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானம் வாங்குபவர் ஏழையா, உழைப்பவரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், அதே மாவட்டத்தில் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்களை, ‘நூறு நாள் வேலையால் சோம்பேறி ஆகிவிட்டார்கள்’ என்கிறோம்.

2006 பிப்ரவரியில் இத்திட்டம் தொடங்கியபோது தமிழகத்தில் தேர்வான 6 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. 100 நாள் என்பது ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு என்றே வகுக்கப்பட்டது. 2025-26-ம் ஆண்டுக்கான கூலி 336 ரூபாய். 100 நாளும் முழுதாகக் கிடைத்திருந்தாலும் அந்த வருடத்துக்கு 33,600 ரூபாய்; மாதத்துக்கு 2,800 ரூபாய்தான். இதை மட்டும் நம்பி எந்தக் குடும்பமும் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயல்வேலையில் அப்படிக் கொடுக்கிறோமா?

நடவுக்கு ஆள் கிடைக்காத விவசாயியின் கவலையும் நியாயமானதே. நடவு, அறுவடைக் காலத்தில் பணிகளைத் தள்ளிவைக்கச் சொல்லி கிராம சபையில் பேசலாம். வேலை அட்டை உள்ள சிறு, குறு விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே பண்ணைக்குட்டை வெட்டவும் வரப்பு அமைக்கவும் இதே திட்டத்தில் இடமுண்டு. ‘சோம்பேறி’ என்று ஏசிய கைகள்தான், நம் நிலத்தில் மழைநீரைத் தேக்கப் போகின்றன.