வாசற்படி எந்த தேசம்?

"உங்கள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். "எந்த தேசத்தில் இருக்கிறது?" என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். ஆனால் ஹாலந்தின் தென்கோடியில் பார்லே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, வாசற்கதவு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்!

1198-ல் ஒரு கோமகனும் ஒரு பிரபுவும் நிலம் பங்கு போட்டுக்கொண்டதன் விளைவு இது. ஹாலந்துக்கு நடுவே பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டுகள். அவற்றில் சிலவற்றின் வயிற்றுக்குள்ளே மறுபடியும் ஹாலந்தின் துண்டுகள். தேச எல்லை கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் ஓடுகிறது. வாசற்கதவு எந்த தேசத்தில் திறக்கிறதோ, வீடு அந்த தேசத்துக் கணக்கு. சட்டம் சாதகமாக இல்லையென்றால் கதவைப் பெயர்த்து நான்கு அடி தள்ளி வைத்துக்கொண்டவர்களும் உண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பாதியை நாடா கட்டி மூடினார்கள். ஹாலந்துப் பாதியில் வியாபாரம் தடையின்றி நடந்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இரண்டும் செழிப்பான நாடுகள். சண்டை சச்சரவு கிடையாது. இதே வேடிக்கை நம் தேசத்தின் வடகிழக்கு மூலையில் 68 வருஷம் நடந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கூச் பிகார் என்ற சமஸ்தானத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி பிறந்த வம்சம் அதுதான். கூச் பிகார் ராஜாவும் ரங்கபுரத்து அதிகாரியும் சதுரங்கம் ஆடி, கிராமங்களைப் பணயம் வைத்துத் தோற்றார்கள், ஜெயித்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் மொகலாயர்களுக்கும் கூச் பிகாருக்கும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த யுத்தங்களும், அதன் பிறகு யார் கையில் எந்த நிலம் தங்கியதோ அப்படியே விட்டுவிட்ட உடன்படிக்கையுமே உண்மைக் காரணம் என்பது சரித்திர ஆசிரியர்களின் கட்சி.

ராஜாக்கள் காலத்தில் இதனால் யாருக்கும் கஷ்டமில்லை. வரி யாருக்குக் கட்டுவது என்பதுதான் பேச்சு. 1947-ல் ரங்கபுரம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1949-ல் கூச் பிகார் இந்தியாவோடு சேர்ந்தது. அன்றைக்கு நிலத்துண்டுகள் சர்வதேசப் பிரச்னையாகிவிட்டன. பிற்பாடு வங்கதேசமான அந்த மண்ணுக்குள்ளே இந்தியத் துண்டுகள் 111. இந்தியாவுக்குள்ளே அவர்களுடைய துண்டுகள் 51. 'சிட்மஹல்' என்று பெயர். தஹலா கக்ராபாரி என்ற சணல் வயல் ஒன்று இருந்தது. அது இந்தியா, அதைச் சுற்றி வங்கதேசக் கிராமம், அதைச் சுற்றி இந்தியக் கிராமம், அதைச் சுற்றி வங்கதேசம். நம் வீட்டு அடுக்குப் பாத்திரம் போல! உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒன்று இருந்ததில்லை.

அந்தத் துண்டுகளில் 2011-ல் எண்ணிப் பார்த்தபோது இரு பக்கமும் சேர்த்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் மின்சார விளக்கு எரியும். இவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. சொந்த தேசத்துக்குப் போகலாமே என்றால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வாங்கச் சொந்த தேசத்துக்குப் போகவேண்டும். போகிற வழியெல்லாம் அந்நிய மண். காலை வைத்தால் குற்றம்!

பெண்களின் பாடுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளில் ஒருத்திக்குப் பிரசவ வேதனை கண்டால், பக்கத்து இந்திய ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். அடையாளச் சீட்டு கேட்பார்கள். ஆகவே யாராவது ஓர் இந்தியக் குடிமகனைக் கெஞ்சிக் கூத்தாடி, அவன் பெயரைக் 'கணவன்' என்று எழுதிக் கொடுத்துச் சேருவார்கள். பெற்ற தகப்பன் வெளியே மரத்தடியில் நிற்பான். பிறந்த குழந்தையின் சீட்டில் வேறொருவன் பெயர் இருக்கும். புருஷன் பெயரை வாயால் சொல்லவே கூசிய பாட்டிமாரை நமக்குத் தெரியும். பிற புருஷன் பெயரை எழுதி வைக்க வேண்டி வந்தால் அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்? குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போதும் இதே நாடகம்தான். அங்கே தாயின் பெயரும் பொய்யாகிவிடும்.

தலைவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பேசினார்கள். 1974-ல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தான காகிதம் 41 வருஷம் தூங்கியது. தேசத்தின் மண்ணை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டும்; அதற்கு எந்த சர்க்காருக்கும் தைரியம் வரவில்லை. கணக்குப் பார்த்தால் நாம் கொடுத்தது சுமார் 17,000 ஏக்கர், வாங்கியது சுமார் 7,000 ஏக்கர். இதைச் சொல்லி எதிர்த்தவர்கள், கொடுத்த ஏக்கரில் ஒன்றிலாவது நம் தபால்காரர் போனாரா என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் 2015 மே மாதம் பார்லிமெண்டில் நூறாவது திருத்தம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. 68 வருஷத்துக்கு 68 மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

எந்த தேசம் வேண்டும் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். இந்தியாவுக்குள் இருந்த சுமார் 14,000 பேரில் ஒருவர்கூட வங்கதேசத்துக்குப் போகச் சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கத்து 37,000 பேரில் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் உழுத வயலையும் பழகிய கிணற்றையும் விட மனமில்லாமல், தேசத்தை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். வந்தவர்களில் பலர் தாயை, தமையனை விட்டுவிட்டு வந்தவர்கள். தின்ஹாட்டா முகாமின் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் வெயிலில் வெந்தார்கள்.

ஒரே ஒரு துண்டு மட்டும் கைமாறவில்லை. தஹகிராம் - அங்கார்போத்தா என்ற வங்கதேசக் கிராமத்துக்கு, இந்திய மண்ணின் மேல் 'தீன் பிகா' என்று 178 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை 1992-ல் திறந்துவிட்டார்கள். அதுவும் பகல் வேளைகளில் மட்டும். இருட்டிய பிறகு வேதனை கண்ட பெண், கதவு திறக்கும்வரை காத்திருக்கவேண்டியதுதான். 2011-லிருந்து அந்தக் கதவை இரவிலும் பூட்டுவதில்லை.