பக்கவாதத்துக்குப் பிறகு கை வீங்குவது ஏன்? வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

"அப்பா கை வீங்கிப்போச்சுடா, மோதிரத்தைக் கழட்ட முடியல." சங்கரன்கோவிலிலிருந்து அம்மா வீடியோ காலில் இப்படிச் சொன்னால், சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு முதலில் வருவது பயம்தான். மறுபடியும் ஸ்ட்ரோக்கா? பெரும்பாலும் இல்லை. அதற்காக 'தானா வடிஞ்சிரும்' என்று விட்டுவிடவும் கூடாது.

விசைத்தறியும் பூ வியாபாரமும் நடக்கிற ஊர் அது. அறுந்த நூலை முடிச்சுப் போடவும், மல்லிகையைத் தொடுக்கவும் விரல் மடங்கியாக வேண்டும். வாரக்கணக்கில் வீங்கிக் கிடக்கும் கையில் மூட்டுகள் இறுகிவிடும். பிறகு நரம்பில் பலம் திரும்பினாலும் விரல் மடங்காது. சிக்கல் அங்கேதான்.

ஏன் வீங்குகிறது?

கைக்குப் போன இரத்தமும் நிணநீரும் மேலே திரும்புவதற்கு, தசைகள் சுருங்கி விரிவது ஒரு பம்ப் மாதிரி உதவுகிறது. பக்கவாதத்தில் அந்த பம்ப் நின்றுபோகிறது. கை கட்டிலோரமோ நாற்காலியோரமோ தொங்கிக்கொண்டே இருந்தால் நீர் புறங்கையில் தேங்கும். இது சாதாரண வகை.

இன்னொரு வகை உண்டு. தோளில் வலி, மணிக்கட்டிலும் விரல்களிலும் வீக்கம், தோல் பளபளப்பது, நிறம் மாறுவது, விரலை லேசாக மடக்கினாலே உயிர் போகிற வலி. இதைத் தோள்-கை நோய்க்குறி என்பார்கள். ஸ்ட்ரோக் வந்த முதல் சில மாதங்களில் வரக்கூடியது. இதற்கு டாக்டர் குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதுண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் விஷயம் அல்ல.

என்ன செய்யலாம்?

முதல் சிகிச்சைக்குச் செலவே இல்லை: தலையணை. படுத்தாலும் உட்கார்ந்தாலும் கையைத் தலையணை மேல் வையுங்கள். முழங்கையைவிட மணிக்கட்டு சற்று உயரமாக, உள்ளங்கையும் விரல்களும் விரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை விரல், மணிக்கட்டு, முழங்கை என்று ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத அளவுக்கு மெதுவாக மடக்கி நீட்டலாம். அவராகவே கொஞ்சம் அசைக்க முடிந்தால் அதுதான் சிறந்த மருந்து, பம்ப் மறுபடியும் ஓடத் தொடங்குகிறதல்லவா!

எண்ணெய் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். தேய்க்கலாம், ஆனால் திசை முக்கியம். விரல் நுனியில் தொடங்கி முழங்கையை நோக்கி, மென்மையாக. அழுத்தக் கையுறையை பிசியோதெரபிஸ்ட் அளவு பார்த்துத் தர வேண்டும். இறுக்கமாக இருந்தால் அதுவே கெடுதல். விலை உயர்ந்த கருவிதான் குணமாக்கும் என்றும் நினைக்க வேண்டாம். காற்றடித்து அழுத்தும் கருவியை 37 பேரிடம் சோதித்து பிரிட்டனில் 1999-இல் வெளியான ஆய்வு, அதனால் பலன் தெரியவில்லை என்றே சொன்னது.

கண்ணாடி வைத்தியம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் அசைத்து, அந்தப் பிம்பத்தை நோயாளி பார்ப்பார். செயலிழந்த கையே அசைவது போல மூளைக்குத் தோன்றும். இதைப் பிரபலமாக்கிய வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தோள்-கை வலி உள்ள ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு இது வலியைக் குறைத்ததாக 2009-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. 24 பேர் மட்டுமே பங்கேற்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது?

தூக்கி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பது. அன்போடுதான் இழுக்கிறோம், ஆனால் தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான். முதுகிலும் இடுப்பிலும் தாங்கித் தூக்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் வேண்டாம், உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. வீங்கிய கையில் டிரிப்ஸ் போட வந்தால் அடுத்த கையைக் காட்டலாம். மோதிரம், காப்பு, கோயில் கயிறு எல்லாவற்றையும் முதல் நாளே கழற்றிவிடுங்கள். இறுகிவிட்டால் பவுன் போகிறதே என்று பார்க்காமல் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

திடீரென்று முழுக் கையும் வீங்கினாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ தேய்க்கவே வேண்டாம். இரத்தக்கட்டியோ தொற்றோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சும் திணறினால் 108.

தினமும் ஆட்டோ பிடித்து பிசியோதெரபிக்குப் போக முடியாத வீடுகளே அதிகம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதி உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது கையைத் தூக்கும் விதத்தையும் தேய்க்கும் விதத்தையும் அம்மாவைச் செய்துகாட்டச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாள் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தானே.